அரை ஷட்டர்

கிபாயத்துல்லா பாயின் வலது முழங்கால் போய்விட்டது என்பது எங்கள் ரோட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். பாய்க்கு, அவர் சம்சாரம் ஹஃபீசாவுக்கு, அப்புறம் எனக்கு. எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. நடுவில் ஒரே சுவர் வைத்துப் பக்கத்தில் கடை போட்டிருப்பவனிடம் எதையும் மறைக்க முடியாது. அதிலும் என் மாதிரி முக்கால்வாசி நேரம் ஈ ஓட்டிக்கொண்டிருப்பவனிடம் முடியவே முடியாது.

என் பெயர் பொன்னுரங்கம். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகிற ரோட்டில் ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்கி, மாடம்பாக்கம் கோயில் பக்கம் திரும்பினால் இடது கையில் என் கடை. எஸ்.டி.டி. பூத்தாக ஆரம்பித்தது. ஆளாளுக்குச் செல்போன் வந்ததும் ஜெராக்ஸ் கடை ஆனது. பாயின் கடைக்குப் போர்டே கிடையாது. பின்னாலேயே ஒற்றை ரூம் வீடு. வாசலில் நாலைந்து புல்லட் நிற்கும், அதுதான் போர்டு. புல்லட் தவிர வேறு வண்டியைத் தொடமாட்டார். யாராவது ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால், “எதிர்ல சைக்கிள் கட கீது, அங்க கேளு” என்பார். சைக்கிள் கடைக்காரன் இதற்காகவே அவரோடு இரண்டு வருஷம் பேசாமல் இருந்தான்.

கீழ்க்கட்டளையிலிருந்தும் கூடுவாஞ்சேரியிலிருந்தும் ஆட்கள் அவரைத் தேடி வந்தது சத்தத்துக்காக. பாய் கை வைத்த புல்லட்டின் சத்தம் தனி. தெருமுனையில் வரும்போதே தெரிந்துவிடும். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். பாய்க்குப் புகை பிடிக்கும் பழக்கம் இல்லை. ஆனாலும் டீக்கடையில் ஒரு சிகரெட் வாங்கி வருவார். புகையிலையை உதறிவிட்டு, மேலே சுற்றியிருக்கும் மெல்லிய தாளை மட்டும் எடுத்து இன்ஜினுக்குள் தீப்பொறியைக் கிளப்பும் பாயிண்ட்டின் இடுக்கில் செருகுவார். ஒரு கையால் இன்ஜினை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இன்னொரு கையால் தாளை லேசாக இழுத்துப் பிடித்திருப்பார். தாள் எந்த இடத்தில் பிடி விட்டு வருகிறதோ அந்த இடத்தில்தான் தீப்பொறி விழும். மற்ற மெக்கானிக்குகள் கம்பெனிக்காரன் போட்ட குறியில் வைப்பார்கள். பாய் அதற்கு ஒரு மயிரிழை முன்னால் வைப்பார். “அட்வான்ஸ்” என்பார். பெட்ரோல் கொஞ்சம் முந்திக்கொண்டு வெடிக்கும், அதனால்தான் அந்தச் சத்தம்.

அப்படி வைத்த வண்டியில் ஒரு ஆபத்தும் உண்டு. மிதிக்கிறவன் அசந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். அதற்காக ஹெட்லைட் மேலே இருக்கும் சின்ன மீட்டர் முள்ளைப் பார்த்து, அது நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, கைப்பிடி லிவரை இழுத்துக் காற்றை விட்டு, பிஸ்டனை மேட்டைத் தாண்ட வைத்து, அப்புறம்தான் உதைக்க வேண்டும். பாய் இதையெல்லாம் தூக்கத்தில்கூடச் செய்வார். ஆனால் ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை, அதுவும் முப்பது வருஷம் உதைத்தால் நூறில் ஒன்று திருப்பி அடிக்காமல் இருக்குமா? அப்படி வாங்கின அடிகளில்தான் முழங்கால் போனது. நொண்டுவதைப் பார்த்து யாராவது கேட்டால் பாத்ரூமில் லேசாக வழுக்கிவிட்டது என்பார்.

2006 ஜூன் மாதம், காலேஜ் அட்மிஷன் சமயம். எனக்குக் கொஞ்சம் கூட்டம் வருவது அப்போதுதான். ஒருநாள் காலை ஆறரைக்கே கடை திறக்க வந்தேன். பாயின் ஷட்டர் பாதி வரை இறங்கியிருந்தது. உள்ளே கிக்கர் இறங்கும் சத்தம். பன்னிரண்டு வருஷமாகக் கேட்கிற காது எனக்கு, அது பாயின் மிதி இல்லை என்று உடனே தெரிந்துவிட்டது. நின்று, யோசித்து, மூச்சை இழுத்துப் பிடித்து மிதிக்கிற மிதி. குனிந்து பார்த்தேன். ஷட்டருக்குக் கீழே இரண்டு பாதம் தெரிந்தது. இடது காலில் ரப்பர் செருப்பு. வலது காலில் பாயின் பழைய தோல் பூட்ஸ், சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. புடவை கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தது. நான் திருடன் மாதிரி நிமிர்ந்துகொண்டேன்.

மத்தியானம் லாரித் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஹஃபீசா என் குடத்துக்குப் பக்கத்தில் தன் குடத்தை வைத்தது.

“அண்ணா, பாத்தீங்களா?”

“நான் ஒண்ணும் பாக்கல.”

“பாத்தீங்க. கீழ உங்க லுங்கி தெரிஞ்சிது. பாக்காத மாரியே இருந்துடுங்க.”

“எத்தினி நாளா தங்கச்சி இது?”

“போன பக்ரீத்லேந்து. அவருக்கு முட்டி மடங்கல அண்ணா. ஜவ்வு கிழிஞ்சிடுச்சின்னு டாக்டரு சொல்ட்டாரு. ஆப்ரேசன் பண்ணாலும் வண்டி மட்டும் ஒதைக்கக் கூடாதாம். ஒதைக்காத புல்லட் மெக்கானிக்க வெச்சிகினு இன்னா பண்றது? அத்தான் நான் ஒதைக்கிறேன். காலைல அல்லா வண்டியையும் ஒருவாட்டி ஓட உட்டுட்டா இன்ஜின் சூடாயிடும். அப்பால கஸ்டமர் வந்து நிக்கசொல்ல இவரு சும்மா காலு வெச்சாலே புட்ச்சிக்கும்.”

“கையாளு ஒருத்தன வெச்சிக்கினா இன்னா?”

“வெச்சா மறுநாளே டீக்கடைல குந்திகினு சொல்லிடுவான். பாய்க்குக் காலு பூட்ச்சின்னு தெரிஞ்சா வண்டிய எவன் உடுவான்?” அது சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுப் புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைக் காட்டியது. வீங்கி, ஒரு பக்கம் கறுத்திருந்தது. “செல வண்டி திருப்பி அடிக்குது. நரம்பு சுண்டிப்போவுது.”

“பாயாண்ட சொன்னியா?”

“சொல்லாம இருப்பனா? ‘உனுக்கு முள்ளு பாத்து ஒதைக்கத் தெர்ல’ன்றாரு.”

எனக்குப் பாய் மேல் கோபம் வந்தது. ஆனால் அன்று சாயங்காலமே கீழ்க்கட்டளைக்காரர் ஒருவர் சூடான வண்டியில் பாய் லேசாகக் காலை வைத்துக் கிளப்பியதைப் பார்த்து, “பாய் காலு பாய் காலுதான்யா” என்று சொன்னார். பாய் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

சத்யநாராயணன் சாரைப் பாயிடம் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அதை இப்போதும் ஒப்புக்கொள்கிறேன். காலனியில் வீடு. சென்ட்ரல் கவர்ன்மென்ட் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் இடுப்பு ஆபரேஷன் பேப்பர்களை ஜெராக்ஸ் எடுக்கக் கம்பு ஊன்றிக்கொண்டு வந்தார். எடுத்து முடிப்பதற்குள் தன்னிடம் அறுபத்தேழாம் வருஷத்துப் புல்லட் ஒன்று இருப்பதையும், மிலிட்டரி ஏலத்தில் எடுத்ததையும், எட்டு மாதமாக அது போர்வைக்குள் கிடப்பதையும் சொல்லிவிட்டார்.

“இந்தப் பழைய புல்லட்டுக்கெல்லாம் செல்ஃப் ஸ்டார்ட் வெச்சுத் தர்றாளாமே, உமக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

எனக்கு அவர் இடுப்பு ஞாபகமே இல்லை. ஹஃபீசாவின் கணுக்கால்தான் மனசில் நின்றது. அப்போதே அவரைப் பக்கத்துக் கடைக்கு இட்டுக்கொண்டு போனேன்.

பாய் முழுசாகக் கேட்கக்கூட இல்லை. “சார், தப்பா நெனச்சிக்காதீங்க. பட்டன அமுக்கி ஸ்டார்ட் பண்றதுக்கு எத்தினியோ வண்டி கீது. இத உட்டுடுங்க.”

“வேற வண்டி எனக்கு எதுக்கு பாய்? டாக்டர் கிக் பண்ணவே கூடாதுன்னுட்டார். இடுப்புல ஸ்டீல் பால் இருக்கு. ஆத்துக்காரி காமு தினம் வித்துடுங்கோங்கறா. ஓட்டறதுக்கு ஒண்ணும் தடை இல்லை, ஸ்டார்ட் பண்றதுதான். அந்த ஒரு மிதிக்காக முப்பத்தஞ்சு வருஷத்து வண்டியை விக்கணுமா?”

“முட்யாது சார். அந்த இன்ஜினு அதுக்குன்னு செஞ்சதில்ல. கேஸ மாத்தணும், டைனமோவ மாத்தணும், ஆறு வோல்ட்டப் பன்னண்டாக்கணும். பேஜாரு.”

சார் கம்பை ஊன்றிக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஹஃபீசாவின் குரல் கேட்டது. எங்கள் சுவர் ஒற்றைக் கல் சுவர்.

“ஏன் முட்யாதுன்னு சொன்னீங்க?”

“உனுக்கு இன்னா தெரியும்? போய் வேலயப் பாரு.”

“எனுக்குத் தெரியும். வலி எனுக்குத்தான தெரியும்? ஒரு வண்டில வெச்சுப் பாருங்க. நல்லா வந்துச்சின்னா பழைய வண்டிக்காரங்க அல்லாரும் வருவாங்க. அவங்களுக்கும் வயசாயிகினுதான கீது? பட்டன் வந்துச்சின்னா நான் ஒதைக்க வேணாம், நீங்களும் ஒதைக்க வேணாம். ஷட்டர முழுசா தூக்கி வெச்சிக் கட நடத்தலாம்.”

ஸ்பேனர் ஒன்று தரையில் உருளும் சத்தம் கேட்டது.

“ரூக்சாரு அத்தா, உங்களத்தான். கட்டிக்கினு வந்து இருவத்தாறு வருசமாவுது. இது வேணும் அது வேணும்னு நான் கேட்டதில்ல. இத கேக்குறேன்.”

நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் பாய் சொன்னார், “நாளிக்கிப் புதுப்பேட்ட போய்ட்டு வரேன்.”

வேலை ஆரம்பித்து இரண்டு வாரத்தில் நோன்பு வந்துவிட்டது. பாய் எச்சில்கூட விழுங்காமல் வேலை செய்கிற ஆள். புதுப்பேட்டையில் ஏழு கடை ஏறி இறங்கி, அடிபட்டு உடைந்த புது மாடல் புல்லட்டிலிருந்து இன்ஜினை மூடும் இடது பக்கத்துக் கேஸும், அதற்குள் இருக்கும் பல் சக்கரங்களும், ஸ்டார்ட்டர் மோட்டாரும் கொண்டுவந்தார். எதுவும் நேராக உட்காரவில்லை. அந்தக் கேஸைப் பழைய இன்ஜினோடு சேர்க்க நடுவில் ஒரு வளையம் கடைய வேண்டியிருந்தது. பல்லாவரத்தில் லேத் வைத்திருக்கும் ஏசுதாசனிடம் பஸ்ஸில் மூன்று தடவை போய் வந்தார். மூன்றாவது தடவை வளையத்தை விரலில் மாட்டிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். மாப்பிள்ளை மோதிரம் காட்டுகிற மாதிரி இருந்தது.

எனக்கு ஒருநாள் பொறுமையாக விளக்கினார். “இத்தான் ஒன்வே. மோட்டாரு சுத்தினா இது இன்ஜினப் புட்ச்சிக்கும். இன்ஜின் ஓட ஆரம்பிச்சா இது உட்டுடும். ஒரு பக்கம் புடி, ஒரு பக்கம் வழுக்கு. அவ்ளதான் சமாச்சாரம்.” உள்ளங்கையில் அடங்குகிற இரும்பு. உள்ளே குட்டிக் குட்டி உருளைகள் வரிசையாக இருந்தன.

சாயங்காலம் பள்ளிவாசலிலிருந்து தூக்கில் நோன்புக் கஞ்சி வரும். ஹஃபீசா எனக்கும் ஒரு சொம்பு நீட்டும். கூடவே அது சுட்ட வெங்காய வடை. அந்த மாதம் முழுக்க ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் வீட்டில் பாதிதான் சாப்பிட்டேன், என் மனைவி லோகநாயகி ஏனென்று கேட்டுச் சண்டை போட்டாள். விடியுமுன்னே சஹர் சாப்பாடு முடித்து, தொழுதுவிட்டு, நோன்போடு ஹஃபீசா மற்ற வண்டிகளை உதைத்துக்கொண்டுதான் இருந்தது. தண்ணீர் குடிக்க முடியாது. உதைத்து முடித்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடும். ஆனால் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. “இன்னும் கொஞ்ச நாளு தான் அண்ணா” என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லும். கேட்டுக் கேட்டு எனக்கே அந்த ஆசை தொற்றிக்கொண்டது.

அந்த வருஷம் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்தில் வந்தன. தெருவெல்லாம் வெடிக் காகிதம் கிடந்த அன்று பாய் வேலையை முடித்தார். கடைசி வேலை டைமிங், தீப்பொறி விழும் நேரத்தை வைப்பது. டீக்கடையிலிருந்து சிகரெட் வந்தது. புகையிலையை உதறினார். தாளைச் செருகினார். இன்ஜினைச் சுற்றி, தாள் பிடி விட்ட இடத்திலிருந்து தன் வழக்கப்படி ஒரு மயிரிழை முன்னால் தள்ளித் திருகாணியை இறுக்கினார். நான் தலையை ஆட்டி ரசித்தேன். பன்னிரண்டு வருஷமாக ரசிக்கிறேன். அன்றைக்கும் அதில் தப்பு இருப்பதாக எனக்கோ அவருக்கோ தோன்றவே இல்லை.

“நீ வந்து அமுக்கு” என்றார் உள்ளே பார்த்து.

ஹஃபீசா மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தது. வலது கைப்பிடிக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு பட்டன். கட்டை விரலை வைத்துவிட்டு, அடி வாங்கப் போகிற ஆள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டது. மோட்டார் ஒரு தரம் முனகியது. இன்ஜின் பிடித்துக்கொண்டது. பாயின் சத்தம், அதே சத்தம்.

“அம்மாடி, இவ்ளதானா?” என்றது ஹஃபீசா. நிறுத்திவிட்டு மறுபடி அமுக்கியது. மறுபடி நிறுத்தி மறுபடி. ஐந்தாவது தடவை பாய் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அது வாய்விட்டுச் சிரித்தது. நடுத்தெருவில் கேட்கிற மாதிரி அந்தப் பொம்பளை சிரித்து நான் கேட்டது அந்த ஒரு நாள்தான். சாயங்காலம் பூட்ஸைத் துடைத்து, பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, ஆணியில் உயரத்தில் மாட்டியதைப் பார்த்தேன்.

பெருநாளன்று எனக்குப் பிரியாணி வந்தது. சத்யநாராயணன் சார் பாய் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் செல்ஃப் வைக்க முடியுமா என்று கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். பாய் நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதிக்கொண்டார். ஷட்டர் முழுசாகத் திறந்திருந்தது.

பெருநாள் போய்ப் பதினோராவது நாள். விடாத மழை. ரோட்டில் கணுக்கால் தண்ணீர். காலை பத்து மணிக்குக் குட்டியானை லோடு வண்டி ஒன்று வந்து நின்றது. மேலே கயிறு போட்டுக் கட்டிய சாரின் புல்லட். சார் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“கார்த்தால ஈரம் பாருங்கோ பாய். மூணு தடவை அமுக்கினேன். பிடிக்கலை. நாலாவது தடவை டங்குன்னு ஒரு சத்தம். அப்புறம் மோட்டார் மட்டும் கரகரன்னு சுத்தறது.”

பாய் வண்டிக்குக் கீழே எண்ணெய்த் தட்டை வைத்தார். கேஸைக் கழற்றினார். முதலில் எண்ணெய் வந்தது. பிறகு குட்டி உருளைகள் ஒவ்வொன்றாக விழுந்தன, பாதி உடைந்து. ஏசுதாசன் கடைந்த வளையம் இரண்டாகப் பிளந்திருந்தது. அது உட்கார்ந்த இடத்தில் இன்ஜின் உதடே பெயர்ந்து வந்திருந்தது.

பாய் முட்டியை மடக்க முடியாமல் ஒரு காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அந்தத் துண்டுகளை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். “பொன்னு, திருப்பி அட்ச்சிகீது” என்றார்.

எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. காலால் உதைக்கிறவன் முள் பார்ப்பான், லிவரை இழுப்பான், மேட்டைத் தாண்ட வைப்பான். அதனால் பாயின் மயிரிழை யாரையும் அதிகம் படுத்தவில்லை. மோட்டாருக்கு முள் தெரியாது. பிஸ்டன் எங்கே இருந்தாலும் சுற்றும். பெட்ரோல் முந்திக்கொண்டு வெடித்து இன்ஜின் பின்னால் உதைக்கும்போது, ஒன்வே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. உடைந்துவிட்டது. கம்பெனிக் குறியிலேயே வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. சாதாரண மெக்கானிக் எவனாவது செய்திருந்தால் அப்படித்தான் வைத்திருப்பான்.

ஹஃபீசா கதவோரம் நின்றிருந்தது. சாரும் நானும் இருப்பதை அது மறந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

“என்னிய எத்தினி வாட்டி அட்ச்சிது? அப்பல்லாம் ஒதைக்கத் தெர்ல, ஒதைக்கத் தெர்லன்னீங்களே. இதுக்குமா ஒதைக்கத் தெர்ல?”

பாய் உருளைத் துண்டுகளைத் தட்டில் பொறுக்கிப் போட்டார்.

“இரும்பே தாங்கல. என் காலு எப்டிங்க தாங்கும்?”

சார் என்னைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன். ரகசியம் நாலாவது ஆளுக்குப் போய்விட்டது. நல்ல மனுஷன், அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. பாய் எழுந்து, “சார், என் தப்பு. பொருளு நான் வாங்கியாரேன். டைமிங்க எறக்கி வெச்சி இன்னோருவாட்டி செஞ்சித் தரேன்” என்றார். பாய் ஒருத்தரிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

“வேண்டாம் பாய்” என்றார் சார். “இன்ஜினே பேந்துடுத்து. காமு ஆட்டோல பின்னாடியே வரேன்னா, நான்தான் வேண்டாம்னேன். பழையபடி கிக்கராவே மாத்திக் குடுத்துடுங்கோ. யாராவது கேட்டா வித்துடலாம்.” கம்பைத் தேடினார், அது அவர் கையிலேயே இருந்தது.

பெயர் கொடுத்திருந்த இரண்டு பேரும் கேள்விப்பட்டு வரவே இல்லை. பாய் பெயர்ந்த உதட்டைப் பற்ற வைத்து, பழைய கேஸை மாட்டி, வண்டியைக் கிக்கராக்கினார். அதற்கு ஒரு மாதம் ஆயிற்று. ஷட்டர் மறுபடி பாதியில் நின்றது. பூட்ஸ் ஆணியிலிருந்து இறங்கியது.

டிசம்பர் நடுவில் கூடுவாஞ்சேரியிலிருந்து அந்தோணிசாமி என்று ஒருவர் வந்தார். பிளாட் போட்டு விற்கிறவர், வெள்ளைச் சட்டை, கழுத்தில் சங்கிலி. சாரும் ஆட்டோவில் வந்திருந்தார். வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து ஆட்கள் வருகிற நேரம். பழைய புல்லட் வாங்குகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதலில் இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்கள். சூடாக இருந்தால் பேசவே மாட்டார்கள், மறுநாள் வருகிறேன் என்று போய்விடுவார்கள். ஜில்லென்று இருக்கிற வண்டியை விற்கிறவன் பக்கத்து ஆள் அவர்கள் கண் முன்னால் உதைத்துக் காட்ட வேண்டும். அதனால் அன்றைக்கு ஹஃபீசா காலையில் அந்த வண்டியைத் தொடவில்லை.

அந்தோணிசாமி கையை வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். “ம், ஒதைங்க பாய். உங்க ஒதையப் பத்தி நெறய கேள்விப்பட்டுகீறேன்.”

“நீங்களே ஒதைச்சிப் பாருங்களேன்” என்றார் பாய்.

“நல்லாகீதே. மெக்கானிக் நிக்கசொல்ல நான் ஏன் ஒதைக்கணும்?”

சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாய் அவரைக் கையமர்த்திவிட்டு வண்டி மேல் ஏறினார். டீக்கடையில் இருந்தவர்கள், தொழுகையிலிருந்து வந்தவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். பாய் முள்ளைப் பார்த்தார், லிவரை இழுத்தார், எல்லாம் சரியாகச் செய்தார். உடம்பைத் தூக்கி மிதித்தார். கிக்கர் பாதி தூரம்கூட இறங்கவில்லை. முழங்கால் பக்கவாட்டில் போனது. வண்டியைக் கீழே போடாமல் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே சரிந்து தரையில் உட்கார்ந்தார். நானும் சைக்கிள் கடைக்காரனும் ஓடிப்போய் வண்டியைத் தாங்கினோம். பாய் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வந்தது.

“இன்னா பாய் இது?” என்றார் அந்தோணிசாமி. “வண்டில ஏதோ கோளாறு கீது போல.”

அப்போதுதான் ஹஃபீசா வெளியே வந்தது. வலது காலில் பூட்ஸ். சணல் கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தது. முக்காட்டை இழுத்து விட்டு, முந்தானையை இடுப்பில் செருகி, யார் முகத்தையும் பார்க்காமல் என் கையிலிருந்து வண்டியை வாங்கிக்கொண்டது.

“வண்டில கோளாறு இல்ல” என்றது.

கிக்கரை மெல்ல அழுத்தியது. முள் நடுவுக்கு வந்தது. லிவர். ஒரு மூச்சு. ஒரே உதை. அறுபத்தேழாம் வருஷத்து வண்டி மாடம்பாக்கம் ரோட்டில் பாயின் சத்தத்தோடு நின்று ஓடியது. கூட்டத்தில் யாரோ கை தட்டினான், யாரோ சிரித்தான். அந்தோணிசாமி வாயைத் திறந்தபடி நின்றார்.

“அப்ப இத்தினி நாளா…” என்று ஆரம்பித்தார்.

“இத்தினி நாளா அவருதான் ஒதைச்சாரு” என்றது ஹஃபீசா. “இன்னிக்கி ஒருநாளு தான் நானு.”

ஒருவரும் நம்பவில்லை. ஜில்லென்று கிடந்த புல்லட்டை முதல் உதையில் கிளப்புகிற கால் ஒரே நாளில் வருமா? அந்தோணிசாமி வண்டியை எடுத்துக்கொண்டு போனார். சார் அது திருப்பத்தில் மறையும்வரை பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஆட்டோவில் ஏறினார். ஹஃபீசா பாயைத் தோள் கொடுத்துத் தூக்கி உள்ளே இட்டுக்கொண்டு போனது. போகும்போதுதான் கவனித்தேன், அதுவும் வலது காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தது.

அப்புறம் நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. பொம்பளை உதைக்கிற கடை என்று சிலர் கேலி செய்தார்கள். பாவம் பாய் என்று சிலர் இரக்கப்பட்டார்கள். இரண்டு தரப்பும் வண்டியை வேறு இடத்தில் விட்டார்கள். பொங்கலுக்கு மூன்று வண்டி நின்றது. மாசி மாதம் ஒன்று நின்றது. பிறகு பாயின் சொந்த வண்டி மட்டும். கட்டிக்கொடுத்த மகள் ரூக்சார் வந்து தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள், போகமாட்டேன் என்றுவிட்டார். ஹஃபீசா காலனியில் இரண்டு வீட்டில் சமைக்கப் போக ஆரம்பித்தது. அதில் ஒன்று சார் வீடு. காமு அம்மாள் முட்டைகூட ஆகாத வீட்டில் சமையல்கட்டு வரை விட்டாள் என்று லோகநாயகி ஆச்சரியப்பட்டாள்.

பங்குனியில் ஒருநாள் காலை ஆறரைக்குக் கடை திறக்க வந்தேன். பாயின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. சாவியைப் பூட்டில் வைத்தவன் அப்படியே நின்றேன். சத்தம் மாறியிருந்தது. மந்தமாக, எல்லா வண்டி மாதிரியும், புத்தகத்தில் போட்ட குறியில் வைத்த வண்டி மாதிரியும் இருந்தது. யாராவது புது ஆள் வந்து கை வைத்துவிட்டானோ என்று குனிந்து பார்த்தேன். அதே ரப்பர் செருப்பு, அதே பூட்ஸ். பாய் அந்தப் பக்கம் முக்காலியில் காலை நீட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். காலடியில் பிரித்துப் போட்ட சிகரெட் ஒன்று கிடந்தது.

ஹஃபீசா வண்டியை நிறுத்திவிட்டு ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே வந்தது.

“டைமிங்க மாத்திட்டாரா?” என்றேன்.

“ராவுல தூங்கவே இல்ல அண்ணா. காலைல எயிந்து அவரே எறக்கி வெச்சாரு. ‘ஒதைச்சுப் பாரு’ன்னாரு.” படியில் உட்கார்ந்து சணல் கயிற்றை அவிழ்த்தது. “மெய்யாலுமே வெண்ண மாரி எறங்குது. காலுல ஒண்ணுமே தெர்ல.”

“நல்லதுதான தங்கச்சி.”

“நல்லதுதான்” என்றது. பூட்ஸிலிருந்து காலை உருவிக் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, காலியாகக் கிடந்த வாசலைப் பார்த்தது. “ஒதைக்கத்தான் வண்டி இல்ல.”

நான் என் ஷட்டரைத் தூக்கினேன். அது சமையலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து காலனிப் பக்கம் நடந்தது.